வடிகுழாய் வழியே வரும் தொற்று

மூளை ரத்தக்கசிவாலோ தலைக்காயத்தாலோ மண்டைக்குள் அழுத்தம் ஏறிய நோயாளிக்கு, மண்டையோட்டில் துளையிட்டு, மூளை அறைகளில் தேங்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தை வெளியேற்றப் பொருத்தப்படும் வடிகுழாய் உயிர்காக்கும் கருவிதான். ஆயினும், தோலில் வாழும் ஸ்டாபிலோகாக்கஸ், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேரூன்றிய அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அதன் வழியே நுழைந்து, மூளை அறை அழற்சி எனும் ஆபத்தான தொற்றை உண்டாக்குகின்றன. குழாய் தலையில் இருக்கும் நாள்களும், திரவ மாதிரிக்காக அதன் இணைப்பு திறக்கப்படும் தடவைகளும் கூடக்கூட அபாயமும் கூடுகிறது. குறித்த இடைவெளியில் குழாயை மாற்றுவதைப் பரிந்துரைக்காத அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டிய குழாய்களைப் பரிந்துரைக்கிறது. அவை கிடைக்கும்வரை காத்திராமல், கைச்சுத்தம் பேணுதல், தேவையற்ற மாதிரியெடுப்பைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை அகற்றுதல் ஆகியவற்றை மருத்துவமனைகள் கட்டாய நடைமுறையாக்கி, தொற்றுக் கணக்கையும் வெளியிட வேண்டும்.