திட்டம் போடாமல் நடப்பதாம்!

திட்டமே போடாமல் நடப்பதுதான் விடுதலை என்று பயணக் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் வே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர். நான் இன்ஜினியர், 8 நாள், நாளுக்கு 20 என்று எக்செல்லில் போட்டேன். அதுவும் தப்புதான். அந்த மலைமுகடு சீமைச்சுண்ணாம்பு. மழைநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். முகட்டில் ஓடை கிடையாது. ஊற்று அடிவாரத்தில், பழைய ஊர்களும் பெரும்பாலும் அங்கேதான். இரவு தங்க இறங்கினால் காலையில் மறுபடி ஏறணும். அந்தக் கணக்கு என் எக்செல்லில் இல்லை.

வரைபடத்தில் தண்ணீர்க் குழாயைத் தேடுவது ரசனைக் குறைவா? இல்லவே இல்லை. நிலத்தை வாசிப்பது அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் எங்கே என்று கேட்காமல் நடப்பவர் நிலத்தைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்.