ஐயமும் அவசரமும்

பெண் தன் வாழ்நாளுக்குரிய முட்டைகள் யாவற்றையும் சூலகத்திற் கொண்டே பிறக்கிறாள். பின்னர் அவை குறையுமன்றிக் கூடா. நாம் விலங்கியல் வகுப்பிற் கற்ற பாடம் இது. பேர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் சக்கர்மன் 1951 இல் இதனை நிலைநாட்டினார். பிறப்பில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள், 50 வயதளவில் ஏறக்குறைய 1,000 ஆகத் தேய்ந்துவிடுகின்றன.

2004 இல் பொஸ்ரன் நகர விஞ்ஞானி ஜொனதன் ரில்லி இப்பாடத்தை ஐயுற்றார். வளர்ந்த எலியின் சூலகமும் புதிய முட்டைகளை ஆக்கவல்லது என அவர் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினர். அத்தகைய கலங்களை மகளிரின் சூலகத்திலும் கண்டதாக 2012 இல் அறிவித்தனர். சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளரோ, மனித சூலகக் கலங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றை அங்கே காணவில்லை என 2020 இல் உரைத்தனர். வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஐயுற்றவரை நாம் குறைகூறோம். அவர் கேள்வி எழுப்பியிராவிடின், பழைய பாடத்தை இத்துணை நுட்பமாகச் சோதிக்க எவர் முன்வந்திருப்பார்? ஆயின், முடிவுறாத ஆராய்ச்சியைக் காட்டி, மகப்பேற்றுக்கு ஏங்குவோரிடம் பொருள் பறித்தல் பெரும் பாதகம். விஞ்ஞானி பிழைபட்டால் ஒரு கட்டுரையே வீழும். அவசரப்பட்ட மருந்தை நம்பியவளுக்கோ மீளாத ஆண்டுகள் கழிந்துவிடும்.

கல்லூரியின் இளைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: பழையதென்று பணியற்க, புதியதென்று பாயற்க, சோதித்துத் தெளிக.