மின்சாரக் கார் வந்துவிட்டது. மலைப்பாதைச் சாரதிக்குப் பயிற்சி எங்கே?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் போன ஐந்து வருடங்களில் கார் என்ற பொருளே பெரிதாக மாறிவிட்டது. அவிசாவளையிலிருந்து ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் இப்போது சத்தமே இல்லாமல் ஏறிவரும் மின்சாரக் கார்களை அடிக்கடி காண்கிறோம். இவற்றின் விலை, வரி, பற்றறியின் ஆயுள் பற்றியெல்லாம் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஓட்டும் சாரதி எந்தப் பக்கம் கையை நீட்டினால் சிக்னல் எரியும் என்பதைப் பற்றி எவரும் எழுதவில்லை. மலைநாட்டில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

நான் லிந்துலைக்காரன். வாடகை வாகனம் ஓட்டுவது என் தொழில். இந்தக் கார்களை வாங்குவோர் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் அல்லர். ஆனால் அவற்றை ஓட்டுவோரில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்குவதற்கே 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்து மலையை விட்டு வெளியேறும் இளைஞனுக்குக் கைவசமுள்ள சில வழிகளில் சாரதித் தொழிலும் ஒன்று. கொழும்பு முதலாளியின் கார், சுற்றுலா நிறுவனத்தின் கார், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காக எடுத்த கார் என்று, நாளைக்கு எது கையில் வரும் என்று அவனுக்குத் தெரியாது.

இந்த நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை யப்பானியத் தயாரிப்புகள். அவற்றில் சிக்னல் தண்டு ஸ்டியரிங்கின் வலப்பக்கமும், வைப்பர் தண்டு இடப்பக்கமும் இருக்கும். ஐரோப்பிய முறையில் இது தலைகீழ். சீனாவிலிருந்து வரும் பல மின்சாரக் கார்கள் அந்த ஐரோப்பிய முறையையே பின்பற்றுகின்றன. வலக்கைப் பழக்கத்தில் தண்டைத் தட்டினால் வைப்பர் ஆடும், சிக்னல் எரியாது. பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் திரும்பப்போவது தெரியாது. இன்னும் சில மாதிரிகளில், சிக்னல் தண்டு இருந்த அதே இடத்தில் கியர் தண்டை வைத்திருக்கிறார்கள். பழைய பழக்கத்தில் அதைத் தட்டுபவர் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளிவிடக்கூடும்.

முகப்பு விளக்கு, கண்ணாடியில் படியும் பனியை அகற்றும் காற்று, பக்கக் கண்ணாடியின் கோணம் எல்லாம் பல வண்டிகளில் தொடுதிரைக்குள் போய்விட்டன. வெயிலான நேரத்தில் கொழும்பில் வண்டியை நிறுத்திவைத்து இவற்றைச் சரிசெய்யலாம். நானுஓயாப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் சில நிமிடங்களில் முன்னால் போகும் வண்டி மறைந்துவிடும். அப்போது விளக்குப் பொத்தானைத் திரையில் தேடும் இரண்டு விநாடியும் கண் வீதியில் இருக்காது. வண்டி மணிக்கு 40 கிலோமீற்றரில் போனாலும் அந்த இரண்டு விநாடியில் 22 மீற்றர் கடந்துவிடும். எங்கள் வீதிகளில் அடுத்த வளைவு அதற்குள் வந்துவிடும்.

இந்தப் பாதையில் தவறுக்கு இடமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்குவீதியில் கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவற்றுக்கும் மின்சாரக் கார்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே ஒரு கணம் பிசகினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகவே நினைவுபடுத்துகிறேன். அந்த விலையைக் கொடுப்பவர்களில் வீதியோரமாக நடந்து பாடசாலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இறக்கத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. பழைய வேனை இரண்டாம் கியரில் போட்டு, இயந்திரத்தின் பிடியில் இறக்கிப் பழகியவர்கள் நாங்கள். மின்சாரக் காரில் அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்தச் சக்தியைப் பற்றறிக்குத் திருப்பி அனுப்பும். சில வண்டிகளில் இதைக் கூட்டிக் குறைக்கும் சிறு தண்டுகள் ஸ்டியரிங்கின் பின்னாலேயே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பற்றறி நிறைந்திருந்தால் அந்தச் சக்தியை வாங்க இடமில்லை. ஆகவே பல வண்டிகளில் அந்தப் பிடி குறைந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குபவர் முதல் சில கிலோமீற்றரில் சந்திப்பது இதைத்தான். முழுவதும் ஏற்றாமல் கொஞ்சம் இடம் விட்டு இறங்க வேண்டும் என்ற ஒரு வரி அறிவுரையைக் கூடச் சாரதியிடம் எவரும் சொல்வதில்லை.

அரசு இந்த வண்டிகளைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மிக நுணுக்கமாகவே பார்க்கிறது. மின்சாரக் காரின் தீர்வை மோட்டாரின் கிலோவாட் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2025இல் ஒரு சீன நிறுவனத்தின் கார்கள் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத் திணைக்களம் அவற்றைத் தடுத்துவைத்தது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வரிக்காக மோட்டாரின் பலத்தை இவ்வளவு அக்கறையாக அளக்கிறவர்கள், அதே வண்டியின் சிக்னல் எந்தப் பக்கம், ஹோர்ன் எங்கே, விளக்குக்குத் தனிப் பொத்தான் உண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் உள்ளவர் பழைய மொறிஸ் மைனரிலிருந்து புதிய மின்சாரக் காருக்கு எந்தப் பயிற்சியும் இல்லாமல் மாறலாம் என்பதே இன்றைய நிலை.

உலகம் இதில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2021இல் ஒரு மாதிரியில் வட்டமான ஸ்டியரிங்கை மேற்பாதி இல்லாத பிடியாக மாற்றி, சிக்னல் தண்டையும் எடுத்துவிட்டது. ஹோர்ன் கூட ஓரத்தில் ஒரு தொடு பொத்தானாகியது. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து எதிரே வருபவருக்கு அறிவிக்கும் எங்கள் மலையில் அப்படியொரு வண்டியை நினைத்துப் பாருங்கள். பிறகு வட்ட ஸ்டியரிங்கை மீண்டும் தெரிவாக வழங்கினார்கள். 2025இல் வந்த புதுப்பித்த இன்னொரு மாதிரியில் சிக்னல் தண்டு திரும்பி வந்துவிட்டது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கெப், 2026 முதல் சிக்னல், ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியக்கூடிய தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதைப் புள்ளிகளுக்கான அளவுகோலாக்கியுள்ளது.

"நம்மவர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சாரதிகள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். 2022இல் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலை வைத்துக்கொண்டு ஓட்டோக்காரர் குடும்பம் நடத்தினார். வடக்கிலும் மலையகத்திலும் இப்படிப் பழகித்தான் உயிர் பிழைத்தோம். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பழகுவது நம் வேலை என்று ஆகிவிட்டால், சரிசெய்வது யாருடைய வேலையும் இல்லை. அவன் பழகும்வரை வீதியில் போகிறவர்களின் உயிரும் சேர்ந்தே பணயம் வைக்கப்படுகிறது. விபத்து நடந்தால் சாரதியின் கவனயீனம் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். அனுமதிப்பத்திரமும் தொழிலும் போவது அவனுக்குத்தான்.

தீர்வுக்கு அதிகம் செலவில்லை. காரைக் கொடுக்கும் நிறுவனம், வாங்குபவருக்கு மட்டுமல்லாமல் ஓட்டப்போகிறவருக்கும் அரைநாள் பயிற்சி கொடுக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சிக்னல், ஹோர்ன், வைப்பர், விளக்கு ஆகிய நான்குக்கும் தனிக் கட்டுப்பாடு இருப்பதை இறக்குமதி நிபந்தனையாக்கலாம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். அப்படியானால் அந்தச் சாரதிக்குக் கொடுக்கும் கைநூலும் தமிழில் இருப்பதுதானே நியாயம்? நான் ஓட்டிய மின்சாரக் கார்கள் எதிலும், திரையிலோ கைநூலிலோ தமிழ் இருக்கவில்லை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. எச்சரிக்கை வாசகம் புரியாத மொழியில் மின்னுவதால் சாரதிக்குப் பயனில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து ஊர் பார்க்கக் கார் எடுக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிக்னல் இடப்பக்கம் இருப்பது உங்களுக்கு இயல்பு. உங்கள் சாரதிக்கு அது நேற்று வந்த பழக்கமாக இருக்கலாம். புறப்படும் முன் பத்து நிமிடம் வண்டியை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கொடுங்கள். நேரமாகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள். சட்டம் வரும்வரை இந்த மலையில் எங்களிடம் உள்ள பாதுகாப்பு அந்தப் பத்து நிமிடம்தான்.