கர்ப்பப்பைக்கு மட்டும் கணக்கு இருக்கு

"ஒங்க சனங்களுக்கு விழிப்புணர்வு பத்தல சார்." விருத்தாசலத்தில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது இது. எந்த சனங்க என்று நான் கேட்கவில்லை. காலனியைத்தான் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பெரியம்மா மகள் பதினாலு வருஷமாகச் செராமிக் பட்டறைக்குப் போகிறாள். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைக்குப் பிசிறு சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி தூசி பறக்கும். அதில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. சிலிக்கோசிஸ் என்று பெயர். அதை டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதும் உண்டு. முந்தானையை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவளுக்குத்தான் விழிப்புணர்வு பத்தலையாம்.

ரெண்டாவது புள்ளை வயிற்றில் இருந்தபோது எட்டு மாசம் முடிகிற வரைக்கும் போனாள். "ஒக்காந்துட்டா எவன்டா கூலி தருவான்? பீசுக்குத்தான காசு" என்றாள். கிராம செவிலியர் பதிவு போட்டார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அந்தம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் தெருத்தெருவாக நடக்கிறவர் அவர். ஆனால் அவர் வருவதும் பகலில், பரிசோதனை நடப்பதும் பகலில். அக்கா பட்டறையில் இருப்பதும் அதே பகலில்தான். 'இலவசம்' என்று எழுதியிருக்கிற வாசலுக்குள் நுழைய எங்கள் பொம்பளைகள் ஒருநாள் கூலியைக் கட்ட வேண்டியிருக்கிறது.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு உட்கார்ந்திருப்பாள். குடும்பத்துக்கே வைத்தியம் கிடைத்திருக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். 2020ஆம் வருஷச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தப் பத்தைத் தொடவில்லை. அக்காவின் பட்டறையில் ஒன்பது பேர். ஏன் ஒன்பதோடு நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள், முதலாளியைக் கேளுங்கள். 1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பெண்ணை வேலைக்கு வைத்து லாபம் பார்க்கிற முதலாளிதான் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்று வாதாடினார். ஒன்பது பேர் பட்டறைக்கு அந்த வாதம் இன்னும் வந்து சேரவில்லை.

பிரசவம் நடந்த இடத்தின் பேரை எழுதவில்லை. "எந்தத் தெரு?" என்றார்கள். "காலனி" என்றாள். அதற்கப்புறம் வாடி, போடிதான். வலியில் கிடந்தவளிடம், "ரெண்டு ஆச்சில்ல, ஆபரேசன் பண்ணிக்க. இல்லன்னா அடுத்த வருசமும் வந்து நிப்ப" என்றார்கள். மாமா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஆள் போய்க் கேட்கவில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். மார்தட்டிக்கொள்ள வேண்டிய எண்தான், மறுக்கவில்லை. அதே கணக்கில் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்ட பெண்கள் 57.8 விழுக்காடு. ஆண்கள் 0.1. வயிற்றைத் திறக்காமல், தையல்கூட இல்லாமல், அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகக்கூடிய ஆபரேசன் ஆம்பளைக்கு இருக்கிறது. அவசர நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், நாடு முழுக்க 60 லட்சம் ஆண்களுக்கு மேல் பிடித்துப் பிடித்துச் செய்தார்கள். அதில் ஏழையும் தலித்தும் முஸ்லிமும் பட்ட பாடு ஊரறிந்தது. ஆட்சி கவிழ்ந்தது. அதற்கப்புறம் அரசாங்கம் கத்தியைக் கீழே போட்டதா? ஓட்டுக்குப் பயந்து ஆம்பளையை விட்டுவிட்டுப் பொம்பளை பக்கம் திரும்பிக்கொண்டது.

குடும்பக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். பெண் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை என்று பேசியவர் பெரியார். 1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கருக்காக அவருடைய கட்சிக்காரர் ரோஹம் கொண்டுவந்த கர்ப்பத்தடைத் தீர்மானத்துக்கு ஆதரவு 11, எதிர்ப்பு 52. தோற்றுப்போன அந்தத் தீர்மானம் பெண்ணின் உடம்பு படும் பாட்டைப் பற்றிப் பேசியது. ஜெயித்து நடக்கிற இன்றைய திட்டத்துக்கு எங்கள் அக்காவின் கர்ப்பப்பை தெரிகிறது. நுரையீரல் தெரியவில்லை, கூலி தெரியவில்லை. எங்களுக்கு வேண்டியது சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்திருக்கிற கிளினிக். ஒன்பது பேர் பட்டறைக்கும் செல்லுகிற அட்டை. தூசி தின்கிறவளின் நெஞ்சையும் சோதிக்கிற டாக்டர். வார்டில் தெருப் பேரைக் கேட்காத வாய்.

போன மாசம் தோழர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் ஆவேசமாகப் பேசினேன். ஆண் கருத்தடை என்றதும் நாலு பேர் சிரித்தார்கள். கலப்பை மாட்டைக் காயடிப்பது என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினான். பெண் விடுதலை பற்றி விடிய விடியப் பேசுகிறவன்தான். பின்வரிசையில் இருந்த தோழி ஒருத்தி எழுந்து, "நீங்க பண்ணிக்கிட்டீங்களா தோழர்?" என்று கேட்டாள்.

இல்லை. எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் பண்ணினார்கள், 2019இல். நான் வேப்பமரத்தடியில்கூட நிற்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன்.