ஐந்து சாட்சிகள் போதுமா?

மூன்று அளவீடுகள் ஒத்துவந்ததும் "விதி சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி நோட்டை மூடிவிடும் மாணவர்களை ஆய்வகத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் கதை ஓர் எண்ணின் கதை.

2-இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பிறகு 256, அப்புறம் 65,536. 2 முதல் ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள்! வரிசை முழுவதுமே இப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார்.

ஆறாவது எண் 4,29,49,67,297. 1732-இல் ஆய்லர் இதைப் பிரித்துக் காட்டினார்: 641 × 67,00,417. நம்பிக்கை உடைந்தது.

641-ஐ எப்படிப் பிடிப்பது? இந்த ஆறாவது எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவும் 64-இன் மடங்கைவிட 1 அதிகமாகவே இருக்கும். இதற்கு நிரூபணம் உண்டு. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

கணிப்பொறிகள் வந்த பிறகும் இவ்வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஃபெர்மாவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தம்மிடம் முழு நிரூபணம் இல்லை என்று 1640-இலேயே ஒரு கடிதத்தில் அவர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைதான் நம் நோட்டுகளில் இல்லை. "விதி சரி" என்பதைவிட, "நான் அளந்த வரையில் சரி" என்று எழுதுவதே அறிவியல் என்பது என் கருத்து.

என் சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பென்சிலை எடுங்கள், 641-ஆல் பெருக்கிப் பாருங்கள்.