ரோடு ஆராய்ச்சியில கழனிக்காரரையும் கேளுங்க

பிளாஸ்டிக் ரோடு நம்ம தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பு. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் உருக்கிப் பூசி, பிறகு தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2013ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 2015ல் பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள சாலைகளுக்கு மத்திய அரசு கட்டாயமாக்கியது. 2018ல் அவருக்கு பத்மஸ்ரீ. பெருமைதான், மறுக்கல.

ஆனா, காலமெல்லாம் கடன் மனு படிச்ச எனக்கு ஒரு கேள்வி உண்டு. அரசுப் பணத்தில் ஒரு ஆராய்ச்சியை எடுக்கும்போது யாரை உட்காரவைத்துக் கேட்கிறார்கள்? குழி விழுதா, வழுக்குதா, பாரம் தாங்குதா என்று அளந்தார்கள். அதெல்லாம் வண்டிக்காரர் கேள்வி. ரோடு தேய்ஞ்சு வரும் துகள் எங்கே போகும் என்பது ரோட்டோரம் கழனி வெச்சிருக்கிறவர் கேள்வி. ஐப்பசி மழையில எங்க ஓமந்தூர்ப் பக்கம் வந்து பாருங்க. ரோட்டுத் தண்ணி பள்ளம் பார்த்து வாய்க்காலுக்கும் ஏரிக்கும்தான் ஓடும். இயற்கை விவசாயச் சான்று வேணும்னா பக்கத்து வயல் மருந்து நம்ம வயலுக்கு வராம நாம இடைவெளி விடணும். ரோட்டுக்கு அப்படி ஒரு வரம்பு வேண்டாமா?

பி.வி.சி.யைச் சேர்க்கக் கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும் என்று வழிகாட்டியே சொல்லுது. கலவை ஆலையில் அது நடக்குதான்னு போய்ப் பார்க்கணுமே. கறவை மாட்டுக் கடன் கொடுத்தால் நாங்க கொட்டகைக்கே போய் மாட்டுக் காது வில்லையின் எண்ணைச் சரிபார்ப்போம். சில ஆயிரம் ரூபாய்க்கே அந்தப் பாடு.

2020ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார் விரிப்புக்கு அனுமதி வந்தது. தமிழ்நாட்டுக்கு 369 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். விரிப்பு மக்குவதற்குள் கீழ்மண் இறுகிவிடும் என்பது கணக்கு. மண்ணுக்குக் கெடுதல் இல்லை, தென்னை விவசாயிக்கும் காசு. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இதுதான். அதனால இதைச் சும்மா விடணும்னு இல்லை. அந்த ரோடுகள் இன்னிக்கு எப்படி இருக்குன்னு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்.

கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே ஆய்வுத் தலைப்பு தேர்ந்தெடுக்கும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கேட்கணும். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக எழுதுங்க: பிளாஸ்டிக் ரோடு போடுமுன் பக்கத்து ஏரி வண்டல், கழனி மண் மாதிரி ஒன்று, மூணு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. இரண்டையும் ரோடு போட்ட ஒப்பந்ததாரர் எடுக்கக் கூடாது.