பல்வலி தானாக நின்றதாம்!

"எழுபது வயசாச்சு, இதுவரைக்கும் பல் டாக்டர் வாசலை மிதிச்சதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர். வாயைத் திறந்தால் பாதிப் பல் இருக்காது. இவர்கள் வீரம் என்று சொல்வதை நான் பயம் என்கிறேன்.

ஊசிக்குப் பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அதனால் பயத்துக்கு வேஷம் கட்டுகிறோம். "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்பது ஒரு வேஷம். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பல் ஆடும் வயதில்தான் கண்புரையும் வருகிறது. பழி மட்டும் டாக்டர் தலையில். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்பது அடுத்தது. ஈறைப் புண்ணாக்கி, அடி எலும்பைக் கரைய வைப்பதே அந்தக் காரைதான். அதை எடுத்தபின், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கைவைத்தியம் என்ற வேஷமும் உண்டு. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், சொத்தையை அடைக்காது. ஆஸ்பிரினை ஈறில் அதக்கினால் ஈறு வெந்துபோகும். வலிக்கிறது என்று புகையிலையை அடக்குவது வாய்ப்புற்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல.

எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு, "வலி தானா நின்னுபோச்சு" என்பது. சொத்தை ஆழமாகி, பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். கிருமி மட்டும் வேர் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கன்னம் வீங்கும். சின்னதாக அடைத்து முடித்திருக்க வேண்டிய பல்லுக்கு வேர் சிகிச்சை. அதுவும் தாமதமானால் பிடுங்கல். எந்த வலிக்குப் பயந்தோமோ அதை வட்டி போட்டு வளர்ப்பது அந்தப் பயமேதான்.

மரத்துப்போக ஊசி இல்லையா? லிக்னோகைன் ஸ்வீடனில் 1948-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நம்மில் பலரைவிட அதற்கு வயது அதிகம்!

சர்க்கரை உள்ளவர்கள் மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள், ஈறைப் பார்ப்பதில்லை. ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஈறு நோயை வளர்க்கும்.

செலவு என்பீர்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. போனதும் முதலில் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்தச் சொல்லி முன்பே பேசிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் "இவ்வளவு நாள் என்ன பண்ணினீங்க?" என்று அதட்டாதீர்கள். அடுத்த முறை அவர் வரமாட்டார்.

பேரப்பிள்ளைகளிடம் "சாப்பிடலைன்னா பல் டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடுவேன்" என்று மிரட்டுவதை இன்றோடு விடுங்கள். நம் சொத்தை அவர்களுக்குக் கொடுப்போம்; சொத்தைப் பல்லை வேண்டாம்.